எமது கழகங்களில் பயிற்றுவிப்பாளர்கள் ஏன் நிலைப்பதில்லை?

2025இல் பிரித்தானியாவின் 'த ஹண்ட்ரட்' கிரிக்கெட் அணிகள் விற்பனைக்கு வந்தபோது, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட சன் குழுமம் லீட்ஸ் நகர அணியை முழுமையாக வாங்கிக்கொண்டது. விலை ஏறத்தாழ 100 மில்லியன் பவுண். லண்டன் ஓவல் மைதானத்து அணியின் 49 வீதப் பங்கு அம்பானியின் ரிலையன்ஸ் குழுமத்திடம் போனது. லோர்ட்ஸைத் தளமாகக் கொண்ட லண்டன் ஸ்பிரிட் அணிக்கு 295 மில்லியன் பவுண் பெறுமதி போடப்பட்டது. எட்டு அணிகளின் பங்குகளை விற்றதில் ஆங்கிலக் கிரிக்கெட்டுக்கு 500 மில்லியன் பவுணுக்கு மேல் சேர்ந்தது. அதில் 50 மில்லியன் அளவிலான தொகை அடிமட்டக் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கப்படும் என்றார்கள்.

எமது வட்ஸ்அப் குழுக்களில் லீட்ஸ் அணியைப் பற்றிய பெருமிதம் சில நாட்கள் ஓடியது. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த 50 மில்லியன் கீழே இறங்கிவரும் இடம் எது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் மிற்சத்திலும் எமது கழகங்கள் ஏப்ரல் மாதம் பிறந்தால் தேடி அலைவது ஆட்டக்காரரை அல்ல. பிள்ளைகள் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களைப் பழக்குவதற்கு ஆள் இல்லை. வந்தவர் ஒரு பருவம் நிற்கிறார், மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு 'வேலை மாறிவிட்டது', 'நாரி நோ', 'வீட்டில் கொஞ்சம் பிரச்சினை' என்று ஏதோ ஒரு காரணத்தோடு விலகிவிடுகிறார். செயற்குழுவும் அந்தக் காரணத்தை நம்பியது போல் தலையாட்டிவிட்டு அடுத்தவரைத் தேடப் போகிறது.

உண்மையான காரணத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாக்கியநாதன் செல்லத்துரை என்ற பேராசிரியரை எம்மில் பெரும்பாலானோர் அறிந்திருக்க மாட்டோம். பெயரே சொல்லும், தமிழர். தமிழகத்திலிருந்து கனடாவுக்குப் போய், வெஸ்ரேர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, விளையாட்டு முகாமைத்துவம் என்ற துறையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரானார். அவர் 2003இல் ஒகசவாரா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அமெரிக்க, ஜப்பானியக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளர்களின் வேலைத் திருப்தியையும் பற்றுறுதியையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் எமக்குப் பயன்படுவது ஒரு வேறுபாடு. ஒருவர் தன் தொழில்மீது வைத்திருக்கும் பற்று ஒன்று. தான் வேலை செய்யும் நிறுவனத்தின்மீது வைத்திருக்கும் பற்று இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது அந்த ஆய்வின் அடிப்படை. திருப்தியையும் அவர்கள் ஒரே மொத்தமாக எடுக்கவில்லை. மேலிருப்பவர்கள் நடத்தும் விதம், முடிவெடுக்கும் சுதந்திரம், சம்பளம், வேலைப் பளு, வசதிகள், வேலை நிரந்தரம் என்று துண்டு துண்டாகக் கேட்டார்கள்.

எமது பயிற்றுவிப்பாளர்களின் கதை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று முதல்முறையாக முன்காலை நீட்டிப் பந்தை நேராக அடிக்கும்போது அவருக்குக் கிடைக்கும் சந்தோசம் குறையவேயில்லை. பயிற்றுவித்தல் அவருக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது. பிடிக்காமல் போனது கழகம்.

மைதானத்தில் அவரது நேரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதன் மாலை இரண்டு மணித்தியாலம், சனி காலை மூன்று, ஞாயிறு போட்டிக்குப் போய் வர ஆறு. வாரத்துக்கு 11 மணித்தியாலம். கோடைப் பருவம் 20 வாரம் என்று வைத்தால் 220 மணித்தியாலம். 2025 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட லண்டன் வாழ்வாதார ஊதியம் மணிக்கு 14 பவுண் 80 பென்ஸ். அந்தக் கணக்கில் ஒரு பருவத்துக்கு 3,256 பவுண். இதில் பந்துப் பையைக் காரில் ஏற்றி இறக்கும் நேரம் இல்லை. பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நேரம் இல்லை. மழை வந்து ஆட்டம் நின்றபின், கூப்பிட யாரும் வராத கடைசிப் பிள்ளையோடு கார்த் தரிப்பிடத்தில் காத்துநிற்கும் அரை மணித்தியாலமும் இல்லை. சனி, ஞாயிறு என்பவை எம்மவரில் பலருக்குக் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ மேலதிக வேலை செய்யும் நாட்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் ஊதியம் வாங்காமல் நிற்பது ஒன்று, வரவேண்டிய ஊதியத்தையும் விட்டுவிட்டு நிற்பது இன்னொன்று.

பொறுப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. பிள்ளைகளோடு பழகுவதற்கு டி.பி.எஸ். குற்றப்பதிவுச் சோதனை வேண்டும். தொண்டர்களுக்கு அது இலவசம் என்பது ஒரு ஆறுதல். அதோடு சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி, கிரிக்கெட் சபையின் அல்லது உதைபந்தாட்டச் சங்கத்தின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ். 2022 ஜூன் மாதம் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறி, விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரும் ஆசிரியரைப் போல நம்பிக்கைக்குரிய பதவியில் இருப்பவராகக் கருதப்படுகிறார். உதைபந்தாட்டத்திலும் உடற்கலையிலும் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகள் வெளிவந்த பிறகு இது தேவையான மாற்றம்தான், முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் அரசு அவரை ஆசிரியருக்குச் சமமாகப் பார்க்கிறது, கழகமோ இன்னும் 'தம்பி, சனிக்கிழமையில பிள்ளைகளை ஒருக்காப் பாருங்கோவன்' என்ற அளவில்தான் பார்க்கிறது.

அந்த ஒரு வசனத்தில்தான் எமது கழகங்கள் இவ்வளவு காலமும் ஓடின. ஏன் ஓடின என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நிறுவனப் பற்றுறுதி பற்றி மேயர், அலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் ஒரு வகுப்பை முன்வைத்தார்கள். அவர்களும் லண்டன்காரர்கள். ஆனால் எம் லண்டன் அல்ல, ஒன்ராறியோவிலுள்ள லண்டன். செல்லத்துரை கற்பித்த அதே பல்கலைக்கழகம். ஒருவர் ஒரு நிறுவனத்தில் நிற்பதற்கு மூன்று வகைக் கட்டுகள் உண்டு என்றார்கள். பிடித்திருப்பதால் நிற்பது, விட்டுப்போனால் நட்டம் என்பதால் நிற்பது, விட்டுப்போவது முறையல்ல என்ற கடமையுணர்வால் நிற்பது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டனுக்கு வந்தவர்கள் கட்டிய விளையாட்டு அமைப்புகளை இந்த மூன்றில் எதற்குள் போடலாம்? சந்தேகமில்லாமல் மூன்றாவது. பழைய மாணவர் சங்கங்களும் அவற்றின் அணிகளும், தமிழ்ப் பாடசாலைகள் விளையாட்டுச் சங்கத்தின் விழாக்களும், பிரித்தானியத் தமிழர் கிரிக்கெட் லீக்கும் ஒரே உணர்வில் பிறந்தவை. படித்த பள்ளிக்கூடத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம், ஊரை விட்டு வந்துவிட்டோம், அதற்காவது இதைச் செய்ய வேண்டும் என்ற உணர்வு அது. சொல்லப்போனால் குற்ற உணர்வும் அதில் கலந்திருந்தது. ஹாட்லியில் படித்தவர் ஹாட்லியின் பெயரைத் தாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு லண்டன் மைதானத்தில் நிற்கும்போது யாரும் அவரிடம் ஊதியம் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பேசியிருந்தால் அவமானமாக இருந்திருக்கும்.

இந்த உணர்வின் உச்சத்தை 2018இல் லண்டனிலேயே கண்டோம். பீபாவில் இடமில்லாத தேசங்களும் சமூகங்களும் ஆடும் கொனிஃபா உலக உதைபந்தாட்டக் கிண்ணம் அந்த ஆண்டு மே இறுதியில் இங்கு தொடங்கியபோது தமிழீழ அணியும் வந்திருந்தது. பராவா, எலன் வனின், கஸ்கேடியா ஆகிய அணிகளுடன் ஒரே பிரிவில் ஆடியது. பின்னால் ஓர் அரசோ பணம் கொழிக்கும் சம்மேளனமோ இல்லாத அணி அது. அப்படி ஓர் அணியை மைதானம்வரை கொண்டுவருவதற்குக் கடமையுணர்வைத் தவிர வேறு எது உதவும்?

ஆனால் கடமையுணர்வு பரம்பரைச் சொத்து அல்ல. யாழ்ப்பாணத்தில் படித்தவருக்குத் தன் கல்லூரிமீது உள்ள கடன், ஹரோவில் பிறந்து ஹரோவில் படித்த அவரது மகனுக்கு இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. முதல் தலைமுறைப் பயிற்றுவிப்பாளர்கள் இப்போது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களது இடத்துக்கு வரவேண்டிய இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் நன்றாக விளையாடுவார்கள், நல்ல ஆங்கிலம் பேசுவார்கள், சான்றிதழும் எடுத்திருப்பார்கள். அவர்களைக் கட்டிவைக்க எம்மிடம் எந்தக் கயிறும் இல்லை. முதல் இரண்டு வகைக் கட்டுகளை நாம் ஒருபோதும் கட்டவேயில்லை. கழகம் பிடித்திருக்கும்படி நடத்தவுமில்லை, விட்டுப்போனால் இழக்க ஏதாவது இருக்கும்படி எதையும் கொடுக்கவுமில்லை.

அவர்களில் சிலர் தனியாரின் பயிற்சிக் கூடங்களுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தனிப் பயிற்சிக்கு மணிக்கு 30, 40 பவுண் கேட்பது வழமை. அந்தப் பணத்தைக் கட்டிப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுபவர்களும் எமது பெற்றோர்தான். கழகத்தில் அதே இளைஞர் ஓர் ஆண்டு முழுவதும் இலவசமாகப் பழக்கியபோது 'என்ர மகனை ஏன் ஏழாவது ஆளா இறக்கினனீங்கள்?' என்று கேட்டவர், அங்கே வாய் திறப்பதில்லை. காசு கொடுத்தால் மரியாதை தானாக வருகிறது என்பது வேடிக்கையான உண்மை.

செயற்குழுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகிப்போன பலரோடு பேசிப் பார்த்ததில், காசு முதல் காரணமாக வந்தது குறைவு. 'காசு வேண்டாம் அண்ணை, எனக்குச் சொல்லிப்போட்டுச் செய்யட்டும்' என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. அணியைத் தெரிவுசெய்து எழுதிக் கொடுத்த பிறகு, போட்டி அன்று காலை இரண்டு பெயர்கள் மாறியிருக்கும். பயிற்சி நேரத்தை மாற்றும் முடிவு அவர் இல்லாத கூட்டத்தில் எடுக்கப்பட்டிருக்கும். இருபது வருடத்துக்கு முன் இடக்கைச் சுழல் வீசிய உறுப்பினர் ஒருவர் எல்லைக்கோட்டருகே கதிரை போட்டு அமர்ந்து பிள்ளைகளுக்கு வேறொரு பாடம் நடத்திக்கொண்டிருப்பார். செல்லத்துரை தனித்தனியாகக் கேட்ட விடயங்களில் சுதந்திரமும் மேலிருப்பவர்கள் நடத்தும் விதமும் ஏன் இருந்தன என்பது எமது ஒரு போட்டிநாளைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

பெண் பயிற்றுவிப்பாளர்களின் நிலை இதைவிட மோசம். வடக்கின் பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் சாட்சி. அந்தப் பாடசாலைகளில் ஆடிய எத்தனையோ பெண்கள் லண்டனில் வாழ்கிறார்கள். சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் ஏற்றி இறக்குவது அவர்கள் தலையில். பயிற்றுவிக்க வரும்படி அவர்களைக் கேட்டிருக்கிறோமா என்பது முதற் கேள்வி.

முரண் என்னவென்றால், பயிற்றுவிப்பாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது எமக்குத் தெரியாத விடயம் அல்ல. ஊரில் கொடுக்கிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர்கள் தமது கல்லூரியின் கிரிக்கெட், உதைபந்தாட்ட அணிகளுக்குப் பயிற்றுவிப்பாளரை நியமித்து மாதாந்தக் கொடுப்பனவு அனுப்புவது நெடுநாள் வழக்கம். பெரும்போட்டியில் தோற்றால் அடுத்த வாரமே 'நல்ல கோச் ஒருவரைப் போடவேணும்' என்று பணம் சேர்க்கிறோம். யாழ் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024 மே மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்லிலும் ஆடியபோது எல்லோரும் மகிழ்ந்தோம். யாழ்ப்பாணத்தில் பயிற்றுவிப்பு ஒரு தொழில் என்று ஒப்புக்கொள்ளும் அதே சங்கம், லண்டனில் அதை ஒரு சேவை என்கிறது. இடம் மாறியதும் தொழில் எப்படிச் சேவையாகிறது என்று யாராவது விளக்கினால் நல்லது.

கழகத்தை விட்டால் இளைஞருக்கு ஆங்கிலேய அமைப்பின் கதவு திறந்திருக்கிறதா? முழுதாக இல்லை. 2018இல் இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை தானே ஒப்புக்கொண்ட கணக்கின்படி, ஓய்வுநேரத்தில் கிரிக்கெட் ஆடுவோரில் ஏறத்தாழ 30 வீதத்தினர் தெற்காசியர். முதல்தரக் கவுண்டி ஆட்டக்காரரில் அவர்கள் 4 வீதம் மட்டுமே. 2023 ஜூனில் சின்டி பட்ஸ் தலைமையிலான சுயாதீன ஆணைக்குழு 4,000க்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்று வெளியிட்ட அறிக்கையில், 2021இல் இங்கிலாந்துக்காக ஆடிய ஆண்களில் 58 வீதத்தினர் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள் என்று இருந்தது. நாட்டு மக்களில் அப்படிப் படிப்பவர்கள் 7 வீதம் மட்டுமே. தனியார் பள்ளிகள் பல முன்னாள் கவுண்டி ஆட்டக்காரரை முழுநேரச் சம்பளத்தில் பயிற்றுவிப்பாளராக வைத்திருக்கின்றன. அரச பாடசாலைப் பிள்ளைக்குக் கிடைப்பது கழகத்தின் சனிக்கிழமைத் தொண்டர் மட்டும். திறமையில் உள்ள இடைவெளி என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, பயிற்றுவிப்பாளரின் சம்பளச் சீட்டில் உள்ள இடைவெளி.

உதைபந்தாட்டத்திலும் இதே பாடம்தான். 2024 ஓகஸ்டில் பார்ன்ஸ்லி அணிக்காக விமல் யோகநாதன் களமிறங்கி, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்ற பெயரைப் பெற்றார். அவர் வளர்ந்தது லண்டனில் அல்ல, வட வேல்ஸில். அவரைச் செதுக்கியவை தொழில்முறைக் கழகங்களின் அக்கடமிகள். 2012இல் வந்த ஒழுங்குகளின்படி அத்தகைய அக்கடமிகள் தகுதிபெற்ற பயிற்றுவிப்பாளரை முழுநேர ஊழியராக வைத்திருக்க வேண்டும். லண்டனில் இவ்வளவு தமிழரும் இவ்வளவு கழகங்களும் இருக்க, முதலாமவர் ஏன் தமிழர் குறைவான ஓர் இடத்திலிருந்து வந்தார் என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருக்கலாம்.

பணம் எங்கே என்று பொருளாளர்கள் கேட்பார்கள். வருடாந்த இராப்போசன விருந்துக்கு மண்டபம் எடுக்கிறோம். ஒவ்வொரு சுற்றுப்போட்டியிலும் ஓர் ஆள் உயரக் கிண்ணங்கள் கொடுக்கிறோம், அவை அடுத்த மாதம் கராஜுக்குள் போகின்றன. அந்தச் செலவில் கால்வாசியை ஒதுக்கினாலே ஓர் இளைஞரின் சான்றிதழ்க் கட்டணத்தையும், பருவத்துக்கு ஒரு நியாயமான தொகையையும் கொடுத்துவிடலாம். 50 மில்லியனில் எமக்கு வரக்கூடிய பங்கைக் கேட்பதானால், கவுண்டி கிரிக்கெட் சபைகளோடு சேர்ந்து இயங்கும், கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் கழகமாக முதலில் பதிவாகியிருக்க வேண்டும். எமது கழகங்களில் எத்தனை அப்படி இருக்கின்றன?

கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. உறைக்குள் இருபது பவுணை வைத்துப் 'பெற்றோல் காசு' என்று நீட்டுவது எம்மிடையே வழக்கம். உண்மையான செலவைத் திருப்பிக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. காருக்கு, 2011இல் நிர்ணயிக்கப்பட்ட மைலுக்கு 45 பென்ஸ் என்ற அளவைப் பல கழகங்கள் பின்பற்றுகின்றன. அதற்கு மேல் கிழமைக்குக் கிழமை நிலையான தொகை போனால், சட்டத்தின் கண்ணில் அவர் தொண்டர் என்ற நிலையிலிருந்து தொழிலாளி என்ற நிலைக்கு மாறக்கூடும். அப்போது ஆகக்குறைந்த ஊதியமும் விடுமுறைக் கொடுப்பனவும் வரியும் வந்துவிடும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் செய்ய வேண்டும். தொண்டர் என்றால் செலவை ரசீதோடு கொடுத்து, சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்பி, அணித் தெரிவை அவரிடம் விட வேண்டும். ஊழியர் என்றால் ஒரு பக்கக் கடிதமாவது எழுதி, மணித்தியாலத்தையும் தொகையையும் இரண்டு வருடக் காலத்தையும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டுக்கும் நடுவே தொங்கவிடுவதுதான் இப்போது நடக்கிறது.

எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரித்தானியா முழுவதும் பயிற்றுவிப்பாளரில் பெரும்பாலானோர் தொண்டர்களே, ஆங்கிலேயக் கிராமத்துக் கழகங்களும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே தேநீர் போடுபவர், புல் வெட்டுபவர், புள்ளி எழுதுபவர் என்று வேலை பகிரப்பட்டிருக்கும். எமது கழகங்களில் இவை அத்தனையையும் பயிற்றுவிப்பாளரே செய்துவிட்டு, பரிசளிப்பு மேடையில் கடைசி வரிசையில் நிற்பார். பொன்னாடை பிரதம விருந்தினருக்குப் போகும்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு இம்முறை போகும்போது கணக்கறிக்கையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். மைதான வாடகை, காப்புறுதி, சீருடை, கிண்ணங்கள், விருந்து என்று வரிகள் இருக்கும். பயிற்றுவிப்பாளர் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கையை உயர்த்திக் கேளுங்கள், அவர் அந்த மண்டபத்தில் இருக்கும்போதே கேளுங்கள்.